ஏழு லிட்டர் கடன்

காபி, மோர், ரசம், தண்ணீர் என்று ஒரு நாளில் நாம் குடிப்பதையும், சோற்றிலும் காய்கறியிலும் இருக்கும் ஈரத்தையும் கூட்டினால் சுமார் 2 லிட்டர் வரும். ஆனால், அதே ஒரு நாளில் நம் குடலுக்குள் இறங்கும் திரவம் ஏறக்குறைய 9 லிட்டர். மீதி 7 லிட்டரை ஊற்றுவது யார்? நம் உடம்பேதான்.

எச்சில் ஒன்று முதல் ஒன்றரை லிட்டர். இரைப்பையில் சுரப்பது 2 லிட்டருக்குக் கொஞ்சம் மேலே. கணையம் ஒன்றரை லிட்டர் தருகிறது. கல்லீரல் அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை பித்தநீர் அனுப்புகிறது. சிறுகுடல் தன் பங்குக்கு ஒரு லிட்டர். இத்தனைக்கும் முதல் போடுவது ரத்தம். வளர்ந்த ஒருவரின் உடம்பில் ஓடும் ரத்தமே மொத்தம் 5 லிட்டர்தான் என்பதை ஞாபகம் வைத்துக்கொண்டு இந்தக் கணக்கைப் பாருங்கள். கையிருப்பைவிட அதிகமாகத் தினமும் கடன் கொடுத்து, அன்றன்றைக்கே வசூலித்தும் விடுகிறது உடம்பு. மலத்தோடு வெளியே போவது 100, 200 மில்லி மட்டும்.

ஜீரணம் என்றதும் இரைப்பை அரைப்பதும் அமிலம் கரைப்பதும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. கொடுத்ததைத் திரும்ப வாங்குவதுதான் அதில் பாதிக்கு மேற்பட்ட வேலை. அது எவ்வளவு பெரிய வேலை என்பது, அது நின்றுபோகும் நாளில்தான் தெரியும். அந்த நாளைப் பற்றிக் கடைசியில் பேசுவோம். அதற்குமுன் ஒரு கவளம் சோற்றின் பின்னாலேயே போய்ப் பார்த்துவிடலாம்.

புரை ஏன் ஏறுகிறது?

குழம்பு ஊற்றாத வெறும் சோற்றை ஒரு வாய் எடுத்து, விழுங்காமல் ஒரு நிமிடம் மென்றுகொண்டே இருங்கள். மெல்ல இனிக்கத் தொடங்கும். எச்சிலில் இருக்கும் அமைலேஸ் என்ற நொதி, மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கிறது. இந்த நொதியை உண்டாக்கும் மரபணு எல்லோரிடமும் ஒரே எண்ணிக்கையில் இல்லை. சிலரிடம் இரண்டு மூன்று நகல்கள், சிலரிடம் பத்துக்கும் மேல். அரிசி, கிழங்கு போன்றவற்றை அதிகம் சாப்பிட்டு வந்த மக்கள் கூட்டங்களில் சராசரியாக நகல்கள் கூடுதல் என்று 2007இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. ஜப்பானியர்களிடம் அதிகம், மீனும் இறைச்சியும் பாலும் உண்டு வாழ்ந்த சைபீரியாவின் யாகுத் மக்களிடம் குறைவு. பரம்பரை பரம்பரையாக என்ன சாப்பிட்டோம் என்பது எச்சிலில்கூட எழுதப்பட்டிருக்கிறது.

மென்றாயிற்று. விழுங்க வேண்டும். இங்கேதான் நம் உடம்பின் கட்டுமானத்தில் ஒரு விபரீதம் இருக்கிறது. மூச்சு போகும் வழியும் சோறு போகும் வழியும் தொண்டையில் ஒன்றையொன்று வெட்டிக்கொள்கின்றன. மூச்சுக்குழாய் முன்னால், உணவுக்குழாய் பின்னால். மேலே மூக்கு, கீழே வாய். அதாவது, ஒவ்வொரு கவளமும் மூச்சின் பாதையைக் குறுக்கே கடந்துதான் ஆக வேண்டும். அதனால் விழுங்கும் அந்த ஒரு நொடியில் ஒரு பெரிய ஏற்பாடே நடக்கிறது. மேலண்ணம் எழும்பி மூக்கின் வாசலை அடைக்கிறது. குரல்வளை மேலே ஏறுகிறது. கழுத்தில் விரலை வைத்துக்கொண்டு எச்சில் விழுங்கினால் ஏறுவது கைக்கே தெரியும். குரல்வளையின் மூடி கவிழ்கிறது, குரல்நாண்கள் இறுகுகின்றன, மூச்சு நிற்கிறது. எல்லாம் ஒரு நொடிக்குள். சாப்பிட்டுக்கொண்டே சிரித்தாலோ பேசினாலோ இந்த ஒழுங்கு ஒரு கணம் தவறிப்போகும்; புரை ஏறும். யாரோ நினைக்கிறார்கள் என்று உச்சந்தலையில் தட்டுவோம். தட்டுவதால் பலன் இல்லை; இருமல்தான் உள்ளே போனதை வெளியே தள்ளுகிறது. இரும முடிகிறவரை அவரை இருமவிடுவதே நல்லது.

தொண்டையைத் தாண்டிய பிறகு கவளம் நம் கையில் இல்லை. 25 சென்டிமீட்டர் நீளமுள்ள உணவுக்குழாய், தசையைச் சுருக்கிச் சுருக்கி அதைக் கீழே தள்ளுகிறது. எட்டுப் பத்து நொடிகளில் இரைப்பையின் வாசல் வந்துவிடும். இதற்குப் புவியீர்ப்பு தேவையே இல்லை. தலைகீழாக நின்றாலும் விழுங்கலாம்; விண்வெளியில் மிதப்பவர்களும் அப்படித்தான் சாப்பிடுகிறார்கள்.

போகிற போக்கில் காரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. காரம் நாக்கின் சுவை அல்ல. மிளகாயில் இருக்கும் கேப்சைசின், 43 டிகிரி செல்சியஸுக்கு மேற்பட்ட சூட்டை உணர்ந்து எச்சரிக்கும் நரம்பு வாங்கியைத் தட்டிவிடுகிறது. சூடு இல்லாமலே சுட்டதாக மூளைக்குத் தகவல் போகிறது. அந்த வாங்கியை 1997இல் கண்டுபிடித்த டேவிட் ஜூலியஸுக்கு 2021இல் நோபல் பரிசு கிடைத்தது. கேப்சைசின் தண்ணீரில் கரையாது. சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தாலும் எரிச்சல் அடங்காததற்கு அதுதான் காரணம். தயிரில் இருக்கும் புரதமும் கொழுப்பும் அதைப் பிடித்துக்கொள்ளும். ஆந்திரா மெஸ்ஸில் சாப்பிட்ட மறுநாள் காலையில் வேறோர் இடம் எரிகிறதென்றால், அங்கும் அதே வாங்கிகள் இருக்கின்றன என்று அர்த்தம்.

வயிற்றில் ஜன்னல் வைத்த மனிதர்

இரைப்பைக்குள் என்ன நடக்கிறது என்பதை உலகம் தெரிந்துகொண்டது ஒரு விபத்தால். அமெரிக்காவின் ஹூரான் ஏரியில் இருக்கும் மக்கினா தீவு. 1822ஆம் ஆண்டு ஜூன் 6ஆம் தேதி, மென்மயிர்த் தோல் வாங்கி விற்கும் ஒரு கம்பெனியின் கடையில் கூட்டம். யாரோ ஒருவர் கையிலிருந்த துப்பாக்கி தவறுதலாக வெடித்தது. அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்ற கனடா நாட்டுப் படகுக்காரர், இருபது வயது இளைஞர், மூன்றடி தூரத்தில் நின்றிருந்தார். விலா எலும்பு உடைந்து, நுரையீரலின் ஒரு பகுதியும் இரைப்பையும் வெளியே தெரிந்தன. தீவின் கோட்டையிலிருந்த ராணுவ டாக்டர் வில்லியம் போமான்ட் வந்து பார்த்தார். பிழைப்பார் என்று அவருக்கே நம்பிக்கை இல்லை.

பிழைத்தார். ஆனால், ஓட்டை மூடவில்லை. இரைப்பையின் விளிம்பு தோலோடு ஒட்டிக்கொண்டு ஆறிவிட்டது. இடது மார்புக்குக் கீழே, விரல் நுழையும் அளவுக்கு ஒரு துவாரம். துணியை வைத்து அடைத்துக்கொண்டால்தான் சாப்பிட்டது உள்ளே நிற்கும்.

1825 ஆகஸ்ட் 1ஆம் தேதி நண்பகல் 12 மணிக்கு போமான்ட் ஒரு பட்டு நூலை எடுத்தார். மசாலா சேர்த்த மாட்டிறைச்சி, உப்பிட்ட பச்சைப் பன்றிக் கொழுப்பு, உப்பிட்ட பச்சை மாட்டிறைச்சி, வேகவைத்த உப்புக்கண்டம், காய்ந்த ரொட்டி, நறுக்கிய முட்டைக்கோஸ். ஒவ்வொன்றிலும் ஒரு சிறு துண்டை நூலில் கட்டி, துவாரத்தின் வழியே உள்ளே இறக்கினார். செயின்ட் மார்ட்டின் எழுந்து வீட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார். ஒரு மணிக்கு நூலை இழுத்துப் பார்த்தபோது முட்டைக்கோஸும் ரொட்டியும் பாதி கரைந்திருந்தன, இறைச்சிகள் அப்படியே இருந்தன. இரண்டு மணிக்குக் கொழுப்பும் வேகவைத்த இறைச்சியும்கூட நூலை விட்டுப் போய்விட்டன.

இப்படி 200க்கும் மேற்பட்ட சோதனைகள், பல ஆண்டுகள். இரைப்பை நீரைக் குழாய் வைத்து எடுத்துப் புட்டியில் ஊற்றி, இறைச்சியைப் போட்டு, உடம்புச் சூட்டில் வைத்திருந்தால் அங்கேயும் அது கரைகிறது என்று போமான்ட் கண்டார். அரைப்பதால் மட்டும் ஜீரணமாவதில்லை, ரசாயனம் வேலை செய்கிறது என்பதற்கு நேரடிச் சாட்சி கிடைத்தது. கோபம் வந்தால் இரைப்பையின் உட்புறம் மாறுவதையும் ஜீரணம் தாமதப்படுவதையும் கண்ணாலேயே பார்த்து எழுதிவைத்தார். அந்த நீரில் இருக்கும் அமிலம் ஹைட்ரோகுளோரிக் அமிலம்தான் என்று லண்டனில் வில்லியம் ப்ரௌட் 1824இல் நிறுவியிருந்தார். புரதத்தை உடைக்கும் பெப்சினை 1836இல் தியோடர் ஷ்வான் பிரித்தெடுத்தார்.

போமான்ட்டின் புத்தகம் 1833இல் வந்தது. மருத்துவ வரலாற்றில் அவருக்குப் பெரிய இடம் கிடைத்தது. என்னைக் கேட்டால், பாதிக்கு மேல் செயின்ட் மார்ட்டினுக்குச் சேர வேண்டியது. படிக்கத் தெரியாத அந்த ஏழையோடு 1832இல் போட்ட ஒப்பந்தப்படி, ஓர் ஆண்டுக்குச் சாப்பாடு, தங்குமிடம் போக 150 டாலர் கூலி. வயிற்றை வாடகைக்கு விட்டதோடு, டாக்டர் வீட்டில் விறகு வெட்டும் வேலையும் அவருடையதே. வெறுத்துப்போய் அவர் கனடாவுக்குக் கிளம்பிவிடுவதும், டாக்டர் ஆள் அனுப்பித் திரும்ப அழைப்பதுமாகவே இருந்தது இந்த உறவு. போமான்ட் 1853இல் இறந்தார். வயிற்றில் ஓட்டையோடு செயின்ட் மார்ட்டின் 1880 வரை வாழ்ந்தார். அவர் இறந்ததும், உடலை டாக்டர்கள் தோண்டி எடுத்துவிடக் கூடாது என்று குடும்பத்தார் சில நாட்கள் வெயில் காலத்தில் அழுகவிட்டு, வழக்கத்தைவிட ஆழமாகக் குழி வெட்டிப் புதைத்தார்கள்.

இரைப்பை ஏன் கரைவதில்லை?

மாட்டிறைச்சியைக் கரைக்கிற அமிலம், அதே போன்ற சதையாலான இரைப்பையை ஏன் விட்டுவைக்கிறது? பிசுபிசுப்பான ஒரு சளிப்படலம் உட்சுவர் முழுக்கப் பூசப்பட்டிருக்கிறது. அதனுள்ளே சோடா உப்பில் இருக்கும் அதே பைகார்பனேட் ஊறியிருப்பதால் அமிலம் சுவரைத் தொடுவதற்குள் முறிந்துவிடும். அதையும் மீறி அரிக்கப்படும் மேல்தோல் செல்கள் மூன்று முதல் ஐந்து நாட்களுக்குள் புதிதாக மாற்றப்பட்டுவிடுகின்றன. போன வாரம் சாப்பிட்ட பிரியாணியைப் பார்த்த உட்தோல் இந்த வாரம் நம்மிடம் இல்லை. உணவுக்குழாயில் இந்தக் காவல் இல்லாததால்தான், அமிலம் கொஞ்சம் மேலேறினாலும் நெஞ்சு எரிகிறது.

காவல் உடையும்போது வருவது அல்சர். காரம் தின்றால் வரும், கவலைப்பட்டால் வரும், நேரத்துக்குச் சாப்பிடாவிட்டால் வரும் என்று டாக்டர்களே நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரன் என்ற நோய்க்குறியியல் மருத்துவர், நோயாளிகளின் இரைப்பையில் சுருள் வடிவக் கிருமிகளைத் தொடர்ந்து பார்த்தார். அமிலத்தில் எந்தக் கிருமி வாழும் என்று மற்றவர்கள் சிரித்தார்கள். அவரோடு சேர்ந்த இளம் டாக்டர் பேரி மார்ஷலுக்குப் பொறுக்கவில்லை. 1984இல் அந்தக் கிருமியை வளர்த்த கரைசலை மடமடவென்று குடித்துவிட்டார். மனைவியிடம்கூட முன்கூட்டிச் சொல்லவில்லை. சில நாட்களில் வாந்தி, வாய் நாற்றம். பத்தாம் நாள் எண்டோஸ்கோப்பி செய்தபோது இரைப்பையின் உள்சுவரில் அழற்சி இருந்தது, கிருமியும் இருந்தது. இருவருக்கும் 2005இல் நோபல் பரிசு. ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற அந்தக் கிருமியும், மூட்டு வலிக்கும் தலைவலிக்கும் நாமாகவே வாங்கி விழுங்கும் வலி மாத்திரைகளும்தான் இன்று அல்சருக்கு முக்கியக் காரணங்கள். மிளகாய் மீது சுமத்திய பழி வீண் பழி. ஏற்கெனவே புண் இருப்பவருக்கு எரியும் என்பது வேறு விஷயம்.

உண்மையான கதாநாயகன்

இரைப்பைக்கு இவ்வளவு இடம் கொடுத்துவிட்டோம். அது உண்மையில் ஒரு காத்திருப்பு அறைதான். அறுவை சிகிச்சையில் இரைப்பையை முழுவதுமாக எடுத்துவிட்டாலும் ஒருவர், கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட்டு, பி12 ஊசி போட்டுக்கொண்டு வாழ முடியும். சிறுகுடலை எடுத்துவிட்டால் வாயால் சாப்பிட்டு உயிர் வாழ முடியாது.

இரைப்பை தன் கூழைச் சிறுகுடலுக்கு ஒரே மூச்சில் கொட்டுவதில்லை. சில மில்லி சில மில்லியாக அனுப்பும். அது அமிலம். சிறுகுடலில் அந்தச் சளிப் பூச்சு அவ்வளவு கனமாக இல்லை. அமிலம் வந்துவிட்டது என்ற செய்தி உடனே கணையத்துக்குப் போயாக வேண்டும். எப்படிப் போகிறது? நரம்பு வழியாகத்தான் என்பது ரஷ்ய உடலியல் ஆய்வாளர் பாவ்லவின் ஆய்வுக்கூடம் சொன்ன பதில். 1902 ஜனவரியில் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் வில்லியம் பேலிஸும் எர்னஸ்ட் ஸ்டார்லிங்கும், மயக்கத்திலிருந்த ஒரு நாயின் சிறுகுடல் துண்டிலிருந்து நரம்புகளையெல்லாம் அறுத்துவிட்டு, ரத்த நாளங்களை மட்டும் விட்டுவைத்து, அதற்குள் அமிலத்தை ஊற்றினார்கள். கணையம் சுரந்தது. நரம்பே இல்லை, ஆக, தூது போனது ரத்தத்தில். குடலின் உட்சுவரைச் சுரண்டி எடுத்து, அமிலத்தில் அரைத்து, வடிகட்டி, ரத்த நாளத்தில் செலுத்தியபோதும் கணையம் சுரந்தது. செக்ரீடின் என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். ஹார்மோன் என்ற சொல்லையே ஸ்டார்லிங் 1905இல் அதற்குப் பிறகுதான் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். தைராய்டு, இன்சுலின் என்று இன்று நாம் பேசும் எல்லாவற்றுக்கும் குடல்தான் முன்னோடி.

உடல் எடையைக் குறைக்கும் ஊசிகள் இப்போது பெருநகரங்களில் பேச்சாக இருக்கின்றன அல்லவா? அவையும் குடல் சுரக்கும் ஒரு ஹார்மோனின் நகல்களே. சாப்பாடு வந்தவுடன் சிறுகுடலின் கடைப்பகுதி ஜி.எல்.பி-1 என்ற ஹார்மோனை ரத்தத்தில் விடுகிறது. இன்சுலினைத் தூண்டும், இரைப்பையின் வேகத்தைக் குறைக்கும், போதும் என்று மூளைக்குச் சொல்லும். இயற்கையான ஹார்மோன் இரண்டே நிமிடங்களில் பாதியாகக் கரைந்துவிடும். அதனால் மருந்தாகப் பயன்படவில்லை. அமெரிக்கப் பாலைவனத்தின் ஹீலா மான்ஸ்டர் என்ற விஷப் பல்லியின் எச்சிலில், அதே வேலையைச் செய்யக்கூடிய, ஆனால் சீக்கிரம் கரையாத ஒரு பொருள் இருப்பதை ஜான் எங் என்ற டாக்டர் 1992இல் கண்டுபிடித்தார். அதிலிருந்து பிறந்த மருந்து 2005இல் சர்க்கரை நோய்க்கு அனுமதி பெற்றது. இன்றைய ஊசிகள் அதன் பின்னால் வந்தவை.

கணைய நீரில் மாவு, புரதம், கொழுப்பு மூன்றையும் உடைக்கும் நொதிகள் இருக்கின்றன. புரதத்தை உடைக்கும் நொதிகள் உறங்கும் நிலையிலேயே கணையத்தை விட்டுக் கிளம்பும். சிறுகுடலுக்கு வந்த பிறகுதான் அங்கிருக்கும் இன்னொரு நொதி அவற்றை எழுப்பும். கணையத்துக்குள்ளேயே விழித்துக்கொண்டால் கணையத்தையே தின்னத் தொடங்கிவிடும். அந்த வலி எப்படிப்பட்டது என்று கணைய அழற்சி வந்து ஆஸ்பத்திரியில் படுத்தவர்களைக் கேட்டால் தெரியும். பித்தப்பைக் கல்லும் குடியும் அதற்கு முதல் இரண்டு காரணங்கள்.

பித்தநீரைப் பாருங்கள், கடன் கணக்கு இன்னும் துல்லியமாகத் தெரியும். கொழுப்பைச் சிறு சிறு துளிகளாக உடைக்க உதவும் பித்த உப்புகள் உடம்பில் மொத்தம் 3 கிராம் அளவில்தான் இருக்கின்றன. கொழுப்பை உடைத்து முடித்ததும், சிறுகுடலின் கடைசிப் பகுதியில் 95 சதவீதம் திரும்ப உறிஞ்சப்பட்டு, ரத்தத்தில் ஏறிக் கல்லீரலுக்கே போய்விடுகின்றன. அங்கிருந்து மறுபடி குடலுக்கு. ஒரு நாளில் பல முறை இதே சுற்று.

சிறுகுடலின் நீளத்தைப் பள்ளிப் புத்தகம் 6 மீட்டர் என்கிறது. அது தசை தளர்ந்த பிணத்தில் அளந்தது. உயிருள்ளவரிடம் அதைவிடக் குறைவு. உறிஞ்சும் பரப்பு ஒரு டென்னிஸ் மைதானம் அளவு என்று படித்திருப்பீர்கள். ஸ்வீடனின் கோத்தன்பர்க்கில் இரு ஆய்வாளர்கள் 2014இல் நுண்ணோக்கி வைத்து மீண்டும் அளந்தார்கள். வாய் முதல் ஆசனவாய் வரை எல்லாம் சேர்ந்து சுமார் 32 சதுர மீட்டர்தான் வந்தது. நம் கணக்கில் 340 சதுர அடி. டென்னிஸ் மைதானம் போனால் போகட்டும். மடித்துவைத்த ஒரு குழாய்க்கு இதுவே பெரிய பரப்பு. சுவர் முழுக்க மடிப்புகள், மடிப்பின்மேல் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான உயரத்தில் குடலுறிஞ்சிகள், ஒவ்வோர் உறிஞ்சியின் செல்லின் மேலும் அதைவிடச் சின்ன நுண்மயிர்கள். அந்தச் செல்களும் நாலைந்து நாட்களில் உதிர்ந்து புதிதாக முளைக்கின்றன.

பசியில் சத்தம் போடுவது யார்?

வயிறு காலியாக இருக்கும்போது ஒன்றரை, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை இரைப்பையில் கிளம்பும் ஒரு சுருக்க அலை சிறுகுடலின் கடைசி வரை போகிறது. மிச்சம் மீதியையும், உதிர்ந்த செல்களையும், கிருமிகளையும் பெருக்கித் தள்ளுவதே அதன் வேலை. உள்ளே காற்றும் நீரும் மட்டும் இருப்பதால் சத்தம் கேட்கிறது. மீட்டிங்கில் பக்கத்து நாற்காலிக்காரருக்குக் கேட்டுவிட்டதே என்று கூச்சப்பட ஒன்றுமில்லை. ஒரு பிஸ்கட்டைக் கடித்தாலும் அலை நின்றுவிடும். மணிக்கொரு தரம் எதையாவது கொறிப்பவர்களுக்குத் துப்புரவு நடக்க நேரமே இருக்காது.

இந்த அலைகளை நடத்த மூளையின் உத்தரவு வேண்டியதில்லை. குடலின் சுவருக்குள்ளேயே பத்துக் கோடிக்கும் மேற்பட்ட நரம்பு செல்கள் வலைபோல் பரவியிருக்கின்றன. மூளையிலிருந்து வரும் நரம்பை வெட்டினாலும் குடல் தள்ளிக்கொண்டுதான் இருக்கும். காலையில் காபி குடித்ததும் சிலருக்குக் கழிவறை நினைவுக்கு வருவதும் இதே போன்ற ஓர் ஏற்பாடு: இரைப்பைக்குள் ஏதோ வந்தது என்றால், அடுத்த முனையில் இடம் பண்ணிக்கொடுக்கப் பெருங்குடலுக்குத் தகவல் போகிறது. சாப்பிட்டவுடன் குழந்தை எழுந்து ஓடுவதைப் பார்த்து, சாப்பிட்டது அப்படியே போகிறது என்று தாய்மார்கள் பயப்படுவதுண்டு. போவது முந்தின நாள் சாப்பாடு.

பெருங்குடலைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். சிறுகுடல் ஏற்கெனவே ஏழு எட்டு லிட்டரை வாங்கிவிட்டது. மிச்சமிருக்கும் ஒன்றரை லிட்டரை இது வாங்கும். கூடவே பாக்டீரியாக்களை வளர்க்கிறது. மனித செல்களைப்போலப் பத்து மடங்கு பாக்டீரியா நம் உடம்பில் இருக்கிறது என்ற பழைய கணக்கை 2016இல் இஸ்ரேலிய ஆய்வாளர்கள் திருத்தினார்கள்: 30 லட்சம் கோடி மனித செல்கள், 38 லட்சம் கோடி பாக்டீரியாக்கள். எடை மொத்தம் 200 கிராம். நமக்கு ஜீரணமாகாத நார்தான் அவற்றின் சாப்பாடு. வடித்து ஆறிய சோற்றில் மாவுச்சத்தின் ஒரு பகுதி இறுகி, சிறுகுடலில் உடையாமல் தப்பித்து இவற்றிடம் வந்து சேரும். அதை நொதிக்கவைத்து இவை உண்டாக்கும் கொழுப்பு அமிலங்களைத்தான் பெருங்குடலின் செல்கள் எரிபொருளாகப் பயன்படுத்துகின்றன. பழைய சோற்றுக்கு இந்த மரியாதை நியாயமானது. அது தீர்க்கும் நோய்கள் என்று வாட்ஸ்அப்பில் வரும் பட்டியலுக்கு நான் பொறுப்பில்லை.

மலத்தின் நிறமும் ரத்தத்திலிருந்து வந்தது. நொடிக்கு 20 லட்சத்துக்கும் மேற்பட்ட சிவப்பணுக்கள் 120 நாள் ஆயுள் முடிந்து உடைகின்றன. அவற்றின் சிவப்புப் பொருள் கல்லீரலுக்குப் போய், பித்தநீரில் கலந்து, குடல் பாக்டீரியாவால் பழுப்பாக மாறுகிறது. மலம் சுண்ணாம்பு நிறத்தில் போனால் பித்தக்குழாய் எங்கோ அடைத்திருக்கிறது என்று சந்தேகப்பட்டு டாக்டரிடம் போக வேண்டும்.

கடன் திரும்பாத நாள்

இனி, முதலில் சொன்ன அந்த நாள். காலரா கிருமி ஒன்றும் குடலைக் கிழிப்பதில்லை. அது விடும் நச்சு, சிறுகுடல் செல்களின் குளோரைடு வாசலைத் திறந்தபடியே வைத்துவிடுகிறது. உப்பு வெளியே கொட்டும், பின்னாலேயே தண்ணீர் கொட்டும். மோசமான நிலையில் மணிக்கு ஒரு லிட்டர் வரை. கொடுப்பது கூடிவிட்டது, திரும்ப வாங்குவது தடுமாறுகிறது. காலையில் நன்றாக இருந்தவர் மாலைக்குள் இறந்துபோவார். அந்த நச்சு இருப்பதை நிறுவியவர் கல்கத்தாவின் சம்புநாத் டே. வசதி குறைந்த ஆய்வுக்கூடத்தில், முயலின் குடலை வைத்து ஆராய்ந்து, 1959இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்டார். உயிரோடு இருந்தவரை நம் நாட்டில் அவருக்குச் சொல்லிக்கொள்ளும்படி எந்தக் கௌரவமும் கிடைக்கவில்லை என்பது நமக்குப் பெருமை தரும் செய்தி அல்ல.

அடுத்த ஆண்டே, 1960இல், ராபர்ட் க்ரேன் என்ற அமெரிக்கர் சிறுகுடலில் இன்னொரு வாசலை விளக்கினார். சோடியமும் குளுக்கோஸும் கைகோத்து வந்தால் மட்டும் திறக்கும் வாசல் அது. அவை உள்ளே போனால் தண்ணீரும் கூடவே போகும். காலரா நச்சு இந்த வாசலைத் தொடுவதில்லை. ஆகவே உப்பையும் குளுக்கோஸையும் சரியான அளவில் கலந்து குடித்தால், ஒரு பக்கம் கொட்டிக்கொண்டிருக்கும்போதே மறுபக்கம் வசூல் நடக்கும். டாக்காவில் டேவிட் நலினும் ரிச்சர்ட் கேஷும் 1968இல் நோயாளிகளுக்குக் கொடுத்துக் காட்டினார்கள். பெரிய டாக்டர்கள் நம்பவில்லை. குடிக்கும் தண்ணீராவது, காலராவாவது!

1971. கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து அகதிகள் லட்சக்கணக்கில் மேற்கு வங்காளத்துக்குள் வந்தார்கள். எல்லையில் போன்காவ் ஊரின் ஆஸ்பத்திரியில் கட்டில் போதாமல் நோயாளிகள் தரையில், மலத்துக்கும் வாந்திக்கும் நடுவே கிடந்தார்கள். ட்ரிப்ஸ் பாட்டில்கள் தீர்ந்துவிட்டன. அங்கிருந்த டாக்டர் திலீப் மகலனாபிஸ் யாரிடமும் அனுமதி கேட்டுக் காத்திருக்கவில்லை. லிட்டருக்கு 22 கிராம் குளுக்கோஸ், மூன்றரை கிராம் உப்பு, இரண்டரை கிராம் சோடா உப்பு என்று கல்கத்தாவில் பொட்டலம் கட்டி வரவழைத்தார். குழாய் வைத்த டிரம்களில் கலந்துவைத்து, நோயாளியின் அம்மா, அக்கா, தம்பியிடம் டம்ளரைக் கொடுத்தார். குடிக்கக் கொடுத்துக்கொண்டே இருங்கள் என்றார். 30 சதவீதம் வரை இருந்த சாவு, அந்தக் கரைசல் கொடுத்த இடத்தில் 4 சதவீதத்துக்கும் கீழே வந்தது. 2022இல் அவர் இறந்தார். அடுத்த ஆண்டு பத்ம விபூஷண் வந்தது.

அந்தப் பொட்டலம்தான் இன்று மருந்துக்கடையில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். இப்போதைய உலக சுகாதார நிறுவனத்தின் அளவு: ஒரு லிட்டருக்குக் குளுக்கோஸ் 13.5 கிராம், உப்பு 2.6, பொட்டாசியம் குளோரைடு 1.5, சோடியம் சிட்ரேட் 2.9. அளவுதான் இதில் மருந்து. ஒரு லிட்டர் பாக்கெட்டைப் பிரித்து, டம்ளருக்கு ஒரு சிட்டிகை போடும் வழக்கம் நம் வீடுகளில் இருக்கிறது. அப்படிச் செய்யக் கூடாது. பாக்கெட் முழுவதையும் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் கலந்து, அன்றைக்கே குடித்துவிட வேண்டும்; மிச்சம் இருந்தால் மறுநாள் கொட்டிவிட வேண்டும். பாக்கெட் கிடைக்காவிட்டால் ஒரு லிட்டரில் ஆறு மட்டமான டீஸ்பூன் சர்க்கரையும் அரை டீஸ்பூன் உப்பும். உப்புப் போட்ட அரிசிக் கஞ்சியும் நல்லதே. அரிசி மாவால் செய்த கரைசல் காலராவில் நன்றாக வேலை செய்வதை டாக்கா மருத்துவர்கள் பின்னாளில் சோதித்தே காட்டினார்கள்.

சர்க்கரையை அள்ளிப்போட்ட குளிர்பானமும் டெட்ராபேக் பழச்சாறும் எதிர்வேலை செய்யும்: குடலுக்குள் சர்க்கரை கூடினால் ரத்தத்திலிருந்து தண்ணீர் குடலுக்குள் இழுக்கப்பட்டுப் பேதி கூடும். இப்படிப்பட்ட பானங்கள் ஓ.ஆர்.எஸ் என்ற எழுத்துகளை லேபிளில் போட்டு விற்கப்பட்டுவந்தன. உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் அதற்குத் தடை போட்டது. வாங்கும்போது பாக்கெட்டின் பின்பக்கத்தில் உலக சுகாதார நிறுவனத்தின் பெயரும் மேலே சொன்ன அளவும் இருக்கிறதா என்று பாருங்கள்.

இன்னும் ஒன்று. ஓ.ஆர்.எஸ் கொடுத்தும் பேதி நிற்கவில்லையே என்று பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். அது பேதியை நிறுத்துவதற்கான மருந்தே அல்ல, போனதை ஈடுகட்டுவதற்கானது. பேதி தானாக நிற்க மூன்று நாலு நாள் ஆகும். குழந்தைக்கு ஒவ்வொரு முறை போன பிறகும் ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுக்க வேண்டும். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து மறுபடி தொடங்கலாம். தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். கண் குழி விழுந்தாலோ, சிறுநீர் போகாமல் துவண்டு கிடந்தாலோ, மலத்தில் ரத்தம் தெரிந்தாலோ, டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிடுங்கள்.